மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் கிருமித் தொற்று: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மூளையிலோ மண்டையோட்டிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பத்தினரிடமிருந்து, அதன்பின் வரும் பாக்டீரியாத் தொற்றைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வது முறையாகாது. எனவே, சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் எதை, எதற்காகச் செய்கிறார்கள் என்று விளங்கிக்கொள்வதற்கும், அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் உதவும் அளவிலேயே என் பதில்கள் அமைந்துள்ளன.

கேள்வி: என் தந்தையாருக்குச் சிறுமூளைப் பகுதியில் இருந்த கட்டியை அகற்றினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தன. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளணுக்கள் மிகுந்திருக்கின்றன என்று ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். மூன்று நாள் கழித்து, கிருமி எதுவும் வளரவில்லை, இது தொற்றாக இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். முதலில் சொன்னது தவறா, இப்போது சொல்வது தவறா?

பதில்: இரண்டுமே தவறாக இருக்க வேண்டியதில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில், இயல்பான நிலையில், ஒரு மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்கு மேல் வெள்ளணுக்கள் இருப்பதில்லை. அறுவைச் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாத ஒருவர் காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்து, அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், பாக்டீரியா மூளை உறைத் தொற்று என்றே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். தலையைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்த வசதி இல்லை. அறுவையின்போது கசிந்த இரத்தமும், சிதைந்த திசுக்களும், சில வேளைகளில் உள்ளே வைக்கப்பட்ட பொருள்களும்கூட மூளை உறைகளை உறுத்தி அழற்சியை உண்டாக்குகின்றன. காய்ச்சல், தலைவலி, கழுத்து வலி, திரவத்தில் வெள்ளணுப் பெருக்கம், புரத உயர்வு என எல்லாம் தொற்றில் இருப்பதைப் போலவே இருக்கும். கிருமி மட்டும் இருக்காது. இந்தக் கிருமியற்ற அழற்சி மூளையின் பின்பகுதியில், அதாவது உங்கள் தந்தையாருக்குச் செய்யப்பட்ட இடத்தில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்த ஸ்டீராய்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் நாட்களில் அது தலைகாட்டுவதும் வழக்கம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதாது என்பதால் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறோம். திரவத்தில் இரத்தம் கலந்திருந்தால், ஏறத்தாழ 500 முதல் 1000 சிவப்பணுக்களுக்கு ஒரு வெள்ளணு வீதம் இரத்தத்தோடு வந்ததாகக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கிடுகிறோம். திரவத்தின் சர்க்கரை அளவை அதே நேரத்தில் எடுத்த இரத்தச் சர்க்கரையோடு ஒப்பிடுகிறோம். இயல்பாக அது இரத்தச் சர்க்கரையின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்கும், தொற்றில் வெகுவாகக் குறையும். ஸ்டீராய்டினால் இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும் நோயாளிக்குத் திரவச் சர்க்கரையைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கக் கூடாது. திரவத்தில் லாக்டேட் என்னும் வேதிப்பொருளின் அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால் பாக்டீரியாவின் மீது சந்தேகம் வலுக்கிறது. ஆயினும் வலிப்பு வந்தாலும், மூளைக்குப் பிராணவாயு குறைந்தாலும், இரத்தம் கலந்தாலும் லாக்டேட் உயரும். ஆகவே அதுவும் ஒரு சாட்சியமே, தீர்ப்பு ஆகாது.

இறுதிச் சொல், மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு உரியது. அதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. நீர் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், கிருமி இருந்தும் வளராமல் போகலாம். தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் போன்ற சில கிருமிகள் மிக மெதுவாக வளர்வதால், அவற்றைச் சந்தேகிக்கும்போது கல்ச்சரைக் குறைந்தது பத்து நாட்கள் வைத்துப் பார்க்க வேண்டும். பாக்டீரியாத் தொற்றுக்குச் சிகிச்சையைத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், மாதிரிகளை எடுத்த உடனே மருந்தைத் தொடங்குவதும், 48 முதல் 72 மணி நேரத்துக்குப் பின், கிருமி வளராமலும் நோயாளி தேறியும் இருந்தால் அதை நிறுத்துவதும் ஏற்கப்பட்ட நடைமுறையே. என் அனுபவத்தில் மருந்தைத் தொடங்க எல்லா மருத்துவர்களும் முன்வருகிறார்கள். தேவையில்லை என்று தெரிந்தபின் நிறுத்துவதற்குத்தான் தயக்கம். உங்கள் மருத்துவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நான் நல்ல அடையாளமாகவே கொள்கிறேன். நிறுத்திய பிறகு சில நாட்கள் அவரது விழிப்பு நிலையையும் வெப்பநிலையையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். மீண்டும் மோசமடைந்தால் மறுபடி நீர் எடுத்துப் பார்ப்பதற்கு யாரும் தயங்கக் கூடாது.

கேள்வி: வீட்டுக்கு அனுப்பும்போது, காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். காய்ச்சல் இல்லையென்றால் தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை உட்கொண்டிருப்பவரிடம் காய்ச்சல் வெளியே தெரியாமல் அடங்கியிருக்கலாம், முதியவர்களிடமும் அப்படியே. அதே ஸ்டீராய்டு இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை உயர்த்தும் என்பதால், இரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்த்து அஞ்சுவதும் சரியன்று. கழுத்து விறைப்பு எல்லாரிடமும் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நான் முதன்மையாகக் கருதுவது விழிப்பு நிலையில் ஏற்படும் மாற்றத்தைத்தான். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று காரணமின்றித் தூங்கி வழிகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், எளிய கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுகிறார் என்றால், வெப்பமானி என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, புதிதாக வந்த வலிப்பு, கை கால் தளர்ச்சி, நிற்காத வாந்தி ஆகியவையும் அப்படியே. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, அங்கிருந்து சீழோ தெளிந்த நீரோ கசிந்தாலோ, வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களில் வெளிப்படும் என்றாலும், உள்ளே எலும்பையோ குழாயையோ தகட்டையோ பொருத்தியிருப்பவர்களுக்குப் பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

கேள்வி: கட்டியை மூக்கின் வழியாக அகற்றினார்கள். இப்போது குனியும்போதெல்லாம் மூக்கிலிருந்து தண்ணீர் போல் சொட்டுகிறது. சளி என்று எண்ணி விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், இந்தப் பதிலைப் படித்த அன்றே உங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணரைத் தொடர்புகொள்ளுங்கள். குனிந்தால் ஒரு பக்கமாகச் சொட்டும் தெளிந்த நீர், தொண்டையில் உப்புக் கரிக்கும் சுவை, எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி ஆகியவை மூளையைச் சூழ்ந்த திரவம் கசிவதற்கான அடையாளங்கள். திரவம் வெளியே வரும் வழி கிருமி உள்ளே போகும் வழியாகவும் அமைகிறது. மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் மூளை உறைத் தொற்றுக்கு இந்தக் கசிவே முதன்மையான காரணங்களில் ஒன்று. சொட்டும் நீரைச் சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்தால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அது மூளைத் திரவமா வெறும் மூக்குநீரா என்பதை உறுதிப்படுத்தலாம். அதுவரை மூக்கைச் சிந்தவோ, மூச்சை அடக்கி முக்கவோ வேண்டாம். கசிவை அடைக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது தீர்வாகாது.

கேள்வி: மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்ட என் தாயாருக்குத் தலையில் துளையிட்டு, நீரை வெளியே எடுக்கும் குழாய் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். பத்து நாட்களுக்கு மேல் ஆகிறது. அதே குழாய்தான் இருக்கிறது. நீரைத் தினமும் பரிசோதிப்பதும் இல்லை. இது கவனக்குறைவா?

பதில்: வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கவனக்குறைவாகத் தோன்றினாலும், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டுமே கவனத்தின் அடையாளமாக இருக்கலாம். ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் மூளைத் திரவம் சுரக்கிறது. அது போகும் வழி இரத்தக் கட்டியால் அடைபட்டால் தலைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். அதைத் தவிர்க்கவே மூளையின் உள்ளறைக்குள் குழாயைச் செலுத்தி, நீரை வெளியே ஒரு பைக்குள் வடிக்கிறார்கள். வெளியுலகத்தோடு நேரடித் தொடர்புள்ள இந்தக் குழாய் எத்தனை நாள் இருக்கிறதோ, எத்தனை முறை திறக்கப்படுகிறதோ, அந்த அளவுக்குக் கிருமி நுழையும் வாய்ப்பு கூடுகிறது.

இங்கேதான் தினமும் நீர் எடுத்துப் பார்ப்பதில் உள்ள முரண்பாடு புலப்படும். ஒவ்வொரு முறை நீர் எடுக்கும்போதும் மூடிய அமைப்பை ஒருவர் திறக்கிறார். தொற்றைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யும் செயலே தொற்றுக்கு வழிவிடலாம். ஆகவே பல மையங்கள், நோயாளியிடம் மாற்றம் தெரியும்போது மட்டுமே மாதிரி எடுக்கின்றன. வேறு சில மையங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கின்றன. மயக்க நிலையில் இருப்பவரிடம் அறிகுறிகளைக் கேட்டறிய முடியாது என்பது அவர்கள் தரப்பு நியாயம். என் சார்பு முதலாவது முறையின் பக்கம். ஆயினும் இரண்டாவதைப் பின்பற்றுபவர்களைக் குறை கூற மாட்டேன். எப்போது எடுத்தாலும் தனி ஒரு எண்ணை விட எண்கள் செல்லும் திசைதான் முக்கியம். இரத்தக் கசிவு உள்ளவரின் திரவத்தில் இரத்தம் கரையக் கரைய, சிவப்பணுக்களோடு வெள்ளணுக்களும் சேர்ந்தே குறைய வேண்டும். சிவப்பணுக்கள் குறைந்துகொண்டே வரும்போது வெள்ளணுக்கள் மட்டும் ஏறினால், கல்ச்சர் முடிவு வருவதற்கு முன்பே எச்சரிக்கை அடைய வேண்டும். திரவத்தில் இவ்விரு அணுக்களின் விகிதத்தை இரத்தத்தில் உள்ள விகிதத்தோடு ஒப்பிட்டு ஒரு குறியீட்டெண்ணாகக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் அழற்சிக் குறியீடு எந்த அறுவைக்குப் பின்னும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறினால்தான் பொருள் உண்டு.

குழாயை மாற்றுவதைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவதால் தொற்று குறைவதில்லை. ஒவ்வொரு புதுக் குழாயும் மூளையின் ஊடாகப் புதுப் பாதையில் செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தகைய வாடிக்கையான மாற்றத்தைப் பரிந்துரைக்கவில்லை. குழாய் இருக்கும் நாளெல்லாம் தடுப்புக்காக ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பதையும் அது ஏற்கவில்லை. மாறாக, பொருத்தும் நேரத்தில் மருந்து கொடுப்பதையும், ஆன்டிபயாடிக் ஊறிய குழாய்களைப் பயன்படுத்துவதையும் பரிந்துரைக்கிறது.

குடும்பத்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வடிகுழாயின் உயரம் நோயாளியின் காது மட்டத்தைக் கொண்டு அளந்து வைக்கப்பட்டிருக்கும். செவிலியரிடம் சொல்லாமல் கட்டிலை உயர்த்துவதோ, தாயாரை எழுப்பி உட்கார வைப்பதோ கூடாது. நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும், அல்லது வடியாமல் நின்றுவிடும். தலைக்கட்டு நனைந்திருப்பதைக் கண்டால் உடனே தெரிவியுங்கள். குழாயைச் சுற்றி நீர் கசிவது தொற்றுக்கு முன்னோடி.

கேள்வி: நாங்கள் அனுமதித்த மருத்துவமனை சுத்தமாக இல்லாததால்தான் தொற்று வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் தொற்று வந்ததை மட்டும் சான்றாகக் கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. இத்தகைய தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் பெரும்பங்கு நோயாளியின் தோலிலேயே வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வகையைச் சேர்ந்தது. தோலை எத்தனை முறை கிருமிநாசினியால் துடைத்தாலும், மயிர்க்கால்களுக்குள் இருப்பவற்றை முழுமையாக ஒழிக்க முடிவதில்லை. நீண்ட நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவருக்கு அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்றவை வந்திருந்தால், அங்கே கைகழுவுதலும் குழாய்களைக் கையாளும் முறையும் எப்படி இருக்கின்றன என்று கேட்பதில் நியாயம் உண்டு. அறுவைக்கு முன் தலைமுடியைச் சவரக் கத்தியால் மழிக்காமல் கத்தரிக்கும் கருவியால் எடுப்பது, தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பது, அறுவை நீண்டால் திரும்பக் கொடுப்பது ஆகியவை பின்பற்றப்பட்டனவா என்றும் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. நோயாளி இன்னும் சிகிச்சையில் இருக்கும்போது, பழி யார்மேல் என்பதைவிட எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிறது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்ததால், அதை வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் என்னும் குழாயைப் பொருத்தினார்கள். இரண்டு மாதத்தில் தொற்று வந்துவிட்டது. ஷன்ட்டை எடுத்துவிட்டுப் பிறகு வேறு பொருத்த வேண்டும் என்கிறார்கள். மருந்தை மட்டும் கொடுத்து அதே ஷன்ட்டைக் காப்பாற்ற முடியாதா? இன்னும் இரண்டு அறுவைச் சிகிச்சைகளைக் குழந்தை எப்படித் தாங்கும்?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் மருத்துவர்கள் சொல்வதே குழந்தைக்கு நல்லது. ஷன்ட் போன்ற செயற்கைப் பொருளின் மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா, குளத்துப் படியில் பாசி படிவதைப் போல, தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் மெதுவாகவே பெருகுவதாலும், மருந்து அவற்றைச் சரிவர எட்டாததாலும், திரவத்தில் மிதக்கும் கிருமிகள் அழிந்த பின்னும் அவை பிழைத்திருக்கின்றன. மருந்தை நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ தொற்று திரும்பிவிடுகிறது. ஷன்ட்டை வைத்துக்கொண்டே மருத்துவம் பார்க்கும் முயற்சிகள் பெருமளவில் தோல்வியடைந்திருக்கின்றன. தொற்றுள்ள ஷன்ட்டை முழுமையாக அகற்றி, இடைக்காலத்தில் வெளி வடிகுழாய் மூலம் நீரை வடித்து, கிருமி ஒழிந்தபின் புதிய ஷன்ட் வைப்பதே ஏற்கப்பட்ட வழி.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது கிருமியைப் பொறுத்தது. வீரியம் குறைந்த தோல் கிருமிதான் என்றாகி, திரவமும் ஏறத்தாழ இயல்பாக இருந்து, ஷன்ட்டை எடுத்தபின் 48 மணி நேரம் கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால், மூன்றாம் நாளிலேயே புதியதைப் பொருத்தலாம் என்று மேற்சொன்ன வழிகாட்டுதல் கூறுகிறது. திரவத்தில் மாற்றங்கள் இருந்தால் ஏழு நாட்கள், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது (அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் போன்ற) கிராம் நெகட்டிவ் வகைக் கிருமியாக இருந்தால் பத்து நாட்கள் என அந்த இடைவெளி நீள்கிறது. கல்ச்சரில் தொடர்ந்து கிருமி வளர்ந்துகொண்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அவசரப்பட்டுப் புதிய ஷன்ட்டை வைத்து, அதையும் தொற்றுக்குப் பலிகொடுப்பதைவிட இந்தக் காத்திருப்பு மேல்.

புதிய ஷன்ட் எந்த வகை என்று கேளுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஷன்ட் பொருத்தியவர்களில் 6 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தது. ஆன்டிபயாடிக் ஊறிய ஷன்ட் பொருத்தியவர்களில் அது 2 விழுக்காடாகக் குறைந்தது. வெள்ளி கலந்த ஷன்ட் சாதாரணமானதைவிட எந்தப் பயனையும் தரவில்லை. ஷன்ட்டின் மறுமுனை வயிற்றுக்குள் இருப்பதால், இனி குழந்தைக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியோ வயிற்று வீக்கமோ வந்தாலும் ஷன்ட்டை நினைவில் கொள்ள வேண்டும். தலையில் எந்த அறிகுறியும் இல்லாமல் வயிற்றில் மட்டும் தெரியும் தொற்றும் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு மூளை அறுவைக்குப் பின் தொற்று. வான்கோமைசின், மெரோபெனெம் என்னும் இரண்டு மருந்துகளை ஊசி வழியாகக் கொடுக்கிறார்கள். ஏன் இவ்வளவு வலிமையான மருந்துகள்? மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா? பல மாதங்களாக வலிப்பே வராமல் இருந்தவருக்கு, இவற்றைத் தொடங்கிய பிறகு மீண்டும் வலிப்பு வந்தது. தொற்று மூளைக்குள் பரவிவிட்டதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது அவசரமானது. உங்கள் கணவர் வலிப்புக்கு வால்ப்ரோயேட் உட்கொள்கிறாரா என்று பாருங்கள். மெரோபெனெமும் அந்த வகையைச் சேர்ந்த மற்ற மருந்துகளும் இரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவை ஓரிரு நாட்களுக்குள் மிகக் கீழே இறக்கிவிடும். வால்ப்ரோயேட்டின் அளவைக் கூட்டிக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயன் இராது. வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற வேண்டும், அல்லது லெவெடிராசெட்டம் போன்ற வேறு வலிப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும். வெவ்வேறு பிரிவு மருத்துவர்கள் மருந்து எழுதும் இடங்களில் இது கண்ணில் படாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். எனவே வீட்டில் அவர் உட்கொண்ட எல்லா மருந்துகளின் பட்டியலையும் இன்றே மருத்துவரிடம் கொடுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். காரணம் வால்ப்ரோயேட் இல்லையென்றால், தொற்றே வலிப்பைத் தூண்டியதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சிலருக்கு மெரோபெனெமுக்குப் பதிலாகச் செஃபெபீம் கொடுப்பதுண்டு. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அதுவும் மனக்குழப்பத்தையும் கை கால் வெட்டி இழுப்பதையும் உண்டாக்கலாம், அளவைக் குறைக்காவிட்டால் வலிப்பு வரைகூடப் போகலாம்.

வலிமையான மருந்து எதற்கு என்றால், தொடக்கத்தில் கிருமி எது என்று தெரியாது. தோலிலிருந்து வரும், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபைலோகாக்கஸையும், மருத்துவமனைச் சூழலில் வரும் கிராம் நெகட்டிவ் கிருமிகளையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், அதற்கேற்ற இரண்டு மருந்துகளை இணைத்துத் தொடங்குவதே வழக்கம். கிருமி இன்னதென்று தெரிந்தபின் தேவையற்றதை நிறுத்திவிட வேண்டும். மூன்று, நான்கு நாட்கள் கழித்தும் இரண்டும் தொடர்ந்தால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். மாத்திரையாகக் கொடுக்காததற்குக் காரணம், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு. இரத்தத்தில் சேரும் மருந்தில் சிறு பங்கே அதைக் கடந்து திரவத்தை அடைகிறது. அந்தச் சிறு பங்கே போதுமானதாக இருக்க வேண்டும் என்றால், இரத்தத்தில் மிக உயர்ந்த அளவு வேண்டும். வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் அடிக்கடி பார்ப்பார்கள். லினசோலிட் போன்ற சில மருந்துகள் திரவத்தை நன்றாக எட்டுகின்றன, வாய்வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் போனால் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும் என்ற குறை அதற்கு உண்டு.

ஊசி மருந்தால் மட்டும் திரவம் தெளியாதபோது, வடிகுழாய் வழியாக வான்கோமைசின், அமிக்காசின், கொலிஸ்டின் போன்றவற்றில் ஒன்றை நேரடியாக மூளையின் உள்ளறைக்குள் செலுத்தும் முறை இருக்கிறது. அதற்கெனப் பதனப் பொருள் சேர்க்காத மருந்தையே பயன்படுத்த வேண்டும். செலுத்தியபின் மருந்து உடனே வடிந்துவிடாதபடி கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை குழாயை மூடி வைப்பார்கள். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகளை இவ்வாறு செலுத்தக் கூடாது. அவை வலிப்பை உண்டாக்கும்.

கேள்வி: விபத்தில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் தம்பிக்கு, ஆறு வாரங்களுக்குப் பின் தையலிலிருந்து சீழ் வடிந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு, மண்டையோட்டு எலும்பை எடுத்துவிட வேண்டும், உள்ளே சிறிய சீழ்க்கட்டியும் இருக்கிறது என்கிறார்கள். எலும்பை எடுத்தே ஆக வேண்டுமா? எத்தனை காலம் மருந்து?

பதில்: அறுவையின்போது வெட்டி எடுத்து மீண்டும் பொருத்தப்பட்ட எலும்பு, முன்பிருந்த இரத்த ஓட்டத்தை இழந்துவிட்ட எலும்பு. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது என்பதால், அது தொற்றுக்கு உள்ளானால் அகற்றுவதே வழக்கம். தொற்று மேலோட்டமாக இருக்கும் சிலருக்கு மட்டும், சுத்தம் செய்து எலும்பைக் காப்பாற்றும் முயற்சி மேற்கொள்ளப்படுகிறது. எலும்பை எடுத்த இடத்தில் செயற்கைத் தகடு பொருத்துவதற்குத் தொற்று முற்றிலும் ஒழிந்தபின் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை அடிபடாமல் தலைக்கவசம் அணிய வேண்டும்.

சீழ்க்கட்டியை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நீர் மூலக்கூறுகளின் பரவலைக் காட்டும் பகுதி பேருதவி புரிகிறது. கெட்டியான சீழ் அதில் வெண்மையாக ஒளிரும். அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்த மூளையில் பழைய இரத்தமும் ஏறத்தாழ அப்படியே தோன்றலாம் என்பதால், முந்தைய ஸ்கேன்களை உடன் கொண்டுசெல்வது முக்கியம். கட்டி பெரிதாக, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அழுத்தத்தை உண்டாக்கினாலோ, சீழை உறிஞ்சி எடுப்பார்கள். சீழ் கிடைத்தால் கிருமியை உறுதியாக அறியவும் முடியும். இத்தகைய கட்டி இருக்கும்போது முதுகிலிருந்து நீர் எடுப்பது ஆபத்தானது. தலைக்குள் அழுத்தம் சமன் குலைந்து மூளை கீழ்நோக்கி நழுவக்கூடும். உங்கள் தம்பிக்கு ஏன் அந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று நீங்கள் ஐயுற்றிருந்தால், காரணம் இதுவே.

மூளை உறைத் தொற்றுக்குப் பொதுவாக இரண்டு வார மருந்து, சில கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு மூன்று வாரம் என்றால், சீழ்க்கட்டிக்கு வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் நரம்பு வழி மருந்து தேவைப்படும். இதற்கிடையே ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நோயாளி நன்கு தேறியபின்னும் கட்டி இருந்த இடத்தில் வளையம் போன்ற தோற்றம் பல மாதங்கள் ஸ்கேனில் தெரியலாம். அதற்காக மட்டும் மருந்தை நீட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. கட்டி பெரிதாகிறதா என்பதே கேள்வி.

கேள்வி: சிகிச்சை முடிந்து என் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டார். இனி எதற்காகத் திரும்பத் திரும்பப் பரிசோதனைக்குப் போக வேண்டும்?

பதில்: மூன்று காரணங்களுக்காக. மருந்தை நிறுத்திய பின் வரும் வாரங்களில், ஒளிந்திருந்த தொற்று மீண்டும் எழலாம். உடலுக்குள் குழாயோ தகடோ இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். இரண்டாவது, உள்ளறைகளைப் பாதித்த தொற்று ஆறும்போது திரவம் போகும் பாதைகளில் தழும்பு விழுந்து, பின்னர் தலையில் நீர் கோக்கலாம். நடை தடுமாறுவது, மறதி கூடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவற்றைச் சோர்வு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஷன்ட் வைத்தால் சீராகக்கூடிய நிலை அது. மூன்றாவது, மருந்துகளும் தொற்றும் விட்டுச்சென்ற பாதிப்பு. அமிக்காசின் வகை மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் செவித்திறன் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. வீட்டிலிருந்தபடியே ஊசி மருந்து தொடர்ந்தால், வாரம் ஒருமுறையாவது இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். மருந்தேற்றுவதற்காகக் கையில் பொருத்தியிருக்கும் நீண்ட குழாயைத் தேவை முடிந்த அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். அதுவே புதிய தொற்றுக்கு வாயிலாகக் கூடும்.